கிழக்கு வீட்டில் வைத்த பை

"எங்கயாச்சும் போகணும்னா சொல்லு சுந்தரி. கூட்டிட்டுப் போறேன்."

"எங்கயாச்சும்னா?"

"எங்கயாச்சும்னா எங்கயாச்சும்தான். மதுரை, ராமேசுவரம், திருச்செந்தூரு. ஒனக்குன்னு ஒரு ஆசை இருக்கும்ல."

"கோயிலுக்குத்தான் போகணுமா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"கொடைக்கானலு."

"அங்க என்ன இருக்கு? குளிரும்."

"ஏரி இருக்காம். சுத்திலும் மலையாம். படகுல போகலாமாம். கரையிலயே பெரிய பூந்தோட்டம் போட்டிருக்காகளாம். நீங்க, நானு, அழகி. விடியுமுன்ன கிளம்பினா அன்னைக்கே திரும்பிரலாம்."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ரெட்டை வடச் சங்கிலி கேக்கப்போறியோன்னு பயந்துட்டேன்."

"சங்கிலின்னா வாங்கிக் கையில கொடுத்துட்டு அடுத்த கப்பலைப் பிடிச்சிருவீக. இது அப்படி முடியாதுல்ல."

பூமிநாதன் சிரித்த சிரிப்பில் கன்னத்துச் சோப்பு நுரை பனியனில் தெறித்தது. கிணற்றடிச் சுவரில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். அவள் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். மலேயாவிலிருந்து அவன் வந்து இறங்கிய இரண்டாம் நாள் அது. "சரி, போவோம். நாம மூணு பேரும் போவோம்," என்றான்.

மூணு பேரும் என்று அவன்தான் சொன்னான். அதைக் கல்யாணசுந்தரி இட்டுக்கட்டவில்லை.

அந்தப் பேச்சு நடந்து முப்பத்தெட்டு நாளாயிற்று. இப்போது அவள் கொத்தமங்கலத்து வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் புளிச்சோறு கட்ட வேண்டும். மூன்று பேருக்கு இல்லை, பதினெட்டுப் பேருக்கு. ஒவ்வொரு கொட்டையையும் அவள் பிதுக்கி எறிந்த வேகத்தைப் பார்த்து, பால் குடிக்க வந்த பூனை வாசலிலேயே நின்றுவிட்டது.

கொடைக்கானல்மேல் அவளுக்கு அப்படியொன்றும் மோகம் இல்லை. அவளுக்கு வேண்டியது நடு ஏரி. ஒரு படகு, சுற்றிலும் தண்ணீர், எவரும் குறுக்கே புகுந்து "என்ன ரகசியம்" என்று கேட்க முடியாத ஒரு கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தில் அவள் புருசனிடம் ஒன்று கேட்க வேண்டும். இனி அக்கரைக்குப் போக வேண்டாம், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்காமல் வைத்திருந்தது அது.

கல்யாணம் முடிந்த எட்டாம் மாதம் பூமிநாதன் முதல் கப்பல் ஏறினான். ஈப்போவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. அழகி பிறந்ததைத் தபாலில்தான் தெரிந்துகொண்டான். அறுபத்தொன்றில் மூன்று மாதம் வந்தான், அறுபத்தைந்தில் மூன்று மாதம். இது அறுபத்தெட்டு. அவனோடு அவள் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை வருஷம் தேறாது.

பயணம் முடிவானவனைப் பார்த்துப் போகாதே என்று சொல்வது அந்த வீட்டில் கெட்ட வார்த்தை. எங்கே போகிறாய் என்று கேட்டாலே திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற குடும்பம். நாள் குறித்துவிட்டால் அதன் பிறகு வீட்டுப் பெண்கள் அழக்கூடக் கூடாது. அறுபத்தைந்தில் அவள் வாயைத் திறந்த நேரத்தில்தான் ஓரகத்தி பொன்னழகு திருநீற்றுத் தட்டை அவள் கையில் திணித்து, "சிரிச்ச முகமா நில்லு," என்றாள். அவளும் நின்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தாடை வலித்தது.

ஆகவே நாள் குறிக்கும் முன்பே கேட்க வேண்டும். வீட்டில் கேட்கலாம் என்றால் அவர்களுடைய அறைக்கும் புருசனின் அண்ணன், மூத்தார் வீரையாவின் அறைக்கும் நடுவில் இருந்தது உத்தரம்வரைகூட எட்டாத ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் பொன்னழகு இருமுவாள். பகலில் அவன் மூன்று நிமிஷம் சேர்ந்தாற்போல் தனியாக இருந்ததில்லை. அக்கரையிலிருந்து வந்தவனைப் பார்க்க ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் தங்கள் பையனுக்கு அங்கே ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்க வந்தார்கள்.

கப்பல் ஆனி மாதம் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது வைகாசி. நேரம் இருக்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காரைக்குடியில் ஒரு பிளசர் கார் பேசினான் பூமிநாதன். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலை மூன்றரைக்குக் கிளம்பி, மதுரையைத் தாண்டி, வத்தலக்குண்டில் காப்பி குடித்து, பத்து மணிக்கு மலை உச்சி. நேரே படகுத்துறை. பிறகு பூந்தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பாடு. நாலு மணிக்கு இறக்கம். அழகியின் பழைய பள்ளிக்கூட நோட்டில் இதையெல்லாம் கல்யாணசுந்தரி பென்சிலால் எழுதி வைத்தாள். மூன்று பேருக்கு ஆறு ஆரஞ்சு, ஒரு கம்பளி என்றுகூட எழுதியிருந்தாள்.

வீரையா காதுக்கு அது எட்டியது. அவர் நல்ல மனிதர்தான். தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். குளம், வயல், கிணறு, மாடு எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவர். அதனாலேயே அந்த வீட்டில் ஒரு முருங்கைக் கொம்பை ஒடிப்பதானாலும் அவரைக் கேட்டுத்தான் ஒடிக்க வேண்டும்.

"மூணு பேருக்கு ஒரு பிளசரா? ஊரு சிரிக்கும்டா," என்றார் தம்பியிடம். "அக்கரையில இருந்து வந்தவன் அண்ணன் குடும்பத்தை விட்டுப்புட்டுப் பொண்டாட்டியைக் கூட்டிட்டு மலைக்குப் போனான்னு பேசுவாங்ய. போறதுன்னா எல்லாரும் போவோம். வேன் பேசுவோம்."

எல்லாரும் என்றால் முதலில் பதினோரு பேர். பொன்னழகின் தங்கை புஷ்பவள்ளி நெற்குப்பையில் இருக்கிறாள், அவளை விட்டுவிட்டுப் போனால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாள். ஆகவே அவள் வீட்டில் ஐந்து. அவளுடைய மாமனாருக்கு நெஞ்சுச் சளி, மலைக்காற்று நல்லது என்று யாரோ சொன்னார்கள்; அவரும், அவருக்குத் துணையாக மாமியாரும். இப்படி வேன் நிரம்பியது.

கிழமை பார்ப்பதும் வீரையாவின் கைக்குப் போயிற்று. "ஞாயித்துக்கெழமை மேக்க சூலம். மலை மேக்கதான இருக்கு? முடியாது," என்றார். வெள்ளிக்கும் அதே சூலம். திங்கள், புதன், சனி புஷ்பவள்ளி புருசனுக்கு வேலை. செவ்வாய் நல்லது எதற்கும் ஆகாது. பஞ்சாங்கத்தில் வியாழக்கிழமை ஒன்று மிஞ்சியது. அதுவும் அடுத்த வியாழன் கரிநாள், அதற்கடுத்த வியாழன்தான். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன.

"ஏரின்னா என்ன, நம்ம கண்மாய் மாதிரிதான இருக்கும்?" என்றாள் பொன்னழகு ஒருநாள், அரிசி புடைத்துக்கொண்டே. "இதுக்குப் போயி என்னமோ கைலாசத்துக்குப் போற மாதிரி நோட்டுப் போட்டு எழுதுறா."

"நம்ம கண்மாயில தண்ணி கெடந்தா நான் ஏன்க்கா கொடைக்கானல் போறேன்?"

"தண்ணி கெடந்தா மட்டும் அதுல படகு விட்டுருவியாக்கும்."

"விடத் தெரியாது. ஆனா ஏறி உக்காரத் தெரியும்."

"படகைப் பத்திக் கவலைப்படாத. அவுக எல்லாம் பிரிச்சுட்டாக. ஆம்பளைக ஒரு படகு, பொம்பளைக ஒரு படகு, புள்ளைக கரையில. புள்ளைகளை யாராச்சும் பாத்துக்கணும்ல, நீ இருந்துக்க. ஒனக்குத்தான் புள்ளைகன்னா பொறுமை ஜாஸ்தி."

அன்றைக்குக் கல்யாணசுந்தரி தானும் புடைத்துக்கொண்டிருந்த சொளகை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள். தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த பூமிநாதனிடம் போய் நின்றாள்.

"நாம மூணு பேரும் போவோம்னு சொன்னீகளா இல்லையா?"

"சொன்னேன். அண்ணன் ஆசைப்படுறாரு சுந்தரி. பாவம், அவரு இந்த ஊரைத் தாண்டினதே இல்ல."

"நான் தாண்டியிருக்கனா?"

"அதான் இப்பப் போறோமே."

"நான் கரையில பத்து உருப்படிக்கு மூக்குச் சிந்தி விட்டுக்கிட்டு நிக்கிறதுக்குப் பேரு போறதா? நீங்க ஆம்பளைகளோட படகுல போவீக, நான் கைதட்டவா?"

"இதுக்கெல்லாமா கோவிப்பாக? அங்க போனதும் அண்ணன்கிட்டச் சொல்லி ஒரு சுத்து நாம தனியாப் போவோம்."

"அண்ணன்கிட்டச் சொல்லி," என்று அவள் அதையே திருப்பிச் சொன்னாள். அவன் முகத்தில் வைக்கோல் தூசி ஒட்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் முந்தானையால் துடைத்துவிட்டிருப்பாள். அன்றைக்குத் துடைக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்பதுதான் அவளுக்குக் கூடுதல் ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டு ஓய்ந்திருக்கலாம். இவன் எல்லாரிடமும் நல்லவன். எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சும் நல்லதனம்தான் அவளுக்கு வந்தது.

இன்று புதன்கிழமை. நாளை விடிந்தால் பயணம். கொட்டையெடுத்த புளியை ஊறப்போட்ட பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது: பதினெட்டுப் பேருக்குச் சோறு கிளற வீட்டில் அகலமான பாத்திரம் இல்லை. கிழக்குக் கடைசியில் சோணையம்மாள் வீட்டில் பெரிய தாம்பாளம் இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

சோணையம்மாள் நல்ல வாயாடி. பிள்ளைகள் இரண்டும் அக்கரையில். தனியாக இருப்பதால் வந்தவர்களை லேசில் விடமாட்டாள். "வாடி, உக்காரு. மோரு குடி. தாம்பாளம் அரிசிப் பானை அறையில இருக்கு, நீயே போயி எடுத்துக்க. எனக்கு முழங்காலு மடங்கல," என்றாள்.

அரிசிப் பானை அறையில், சுவரோரம் ஒரு மணைப்பலகை போட்டிருந்தது. அதன்மேல் ஒரு நீல ரெக்சின் பை. கைப்பிடியில் மஞ்சள் தடவிய துணி முடிச்சு. பக்கத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம். பையின் வார் அறுந்த இடத்தில் சிவப்பு நூலால் தைத்திருந்தது. போன வாரம் கல்யாணசுந்தரிதான் தைத்தாள். நீல நூல் கிடைக்கவில்லை.

அந்தச் சிவப்புத் தையலை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"அயித்தே, இது யாரு பை?"

"யாரு பையா? ஒம் புருசன் பைதாண்டி. காலையில பெரியவரு கொண்டாந்து பரஸ்தானம் வச்சுட்டுப் போனாரு. சனிக்கெழமை கெழக்க சூலம்ல, அன்னைக்கு நாகப்பட்டினம் கெளம்பக்கூடாது. அதான் இன்னைக்கு நல்ல நேரத்துல பையைக் கெழக்கு வீட்டுல வச்சாச்சு. இன்னைக்கே பயணம் கெளம்பின கணக்குத்தான். சனிக்கெழமை இங்குட்டு வந்து பையை எடுத்துக்கிட்டுப் போனா சூலம் ஒண்ணும் செய்யாது. எம் புள்ளைகளுக்கும் அப்படித்தான வச்சோம்."

"சனிக்கெழமையா? ஆனியில கப்பல்னு சொன்னாக."

"ஆனிக் கப்பல்ல எடமில்லயாம். திங்கக்கெழமை கப்பலுக்குச் சீட்டு வந்திருச்சே, ஒனக்குத் தெரியாதா?" சோணையம்மாளின் குரல் சட்டென்று இறங்கியது. "நீ மலைக்குப் போயிட்டு வந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தாகளோ என்னமோ. எனக்கெதுக்கு வம்பு."

"அப்ப நாளைக்கு அவுக மலைக்கு வரலையா?"

"கெழக்க பரஸ்தானம் வச்சவன் மேக்க எப்படிடி போவான்? அவன் வீட்டுலதான் இருப்பான். நீங்க போயிட்டு வாங்க. அதுக்கென்ன, வேன் நெறைய ஆளு இருக்கே."

வேன் நிறைய ஆள் இருந்தார்கள். அவனைத் தவிர எல்லாரும் இருந்தார்கள். நெற்குப்பையின் நெஞ்சுச் சளிகூட இருந்தது.

கல்யாணசுந்தரி தாம்பாளத்தைத் தொடவில்லை. குனிந்து பையை எடுத்தாள். எலுமிச்சம்பழம் உருண்டு போயிற்று.

"அடியே, அதைத் தொடாத. கெளம்புற நேரத்துக்குத்தான்டி அதை எடுக்கணும். இந்தா சுந்தரி, சொல்றதைக் கேளு, பயணம் முறிஞ்சு போகும்டி."

"நல்லா முறியட்டும் அயித்தே."

சோணையம்மாள் முழங்காலை மறந்து வாசல்வரை ஓடிவந்தாள். கல்யாணசுந்தரி அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள். கிழக்கே இருந்து மேற்கே, நடுத்தெருவில், மஞ்சள் முடிச்சு ஆட ஆட அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மாட்டுவண்டியில் வந்த மருது வண்டியை நிறுத்தி, "என்ன மதினி, அண்ணன் வந்துட்டாரா போறாரா?" என்று கேட்டான். அவள் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். இத்தனை வருஷமும் இந்தத் தெருவில் அவள் வேகமாகக்கூட நடந்ததில்லை.

வீட்டு முற்றத்தில் வீரையாவும் பூமிநாதனும் வேனுக்குக் கட்டக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பொன்னழகு ஆரஞ்சுப் பழங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணசுந்தரி பையை முற்றத்தின் நடுவில் வைத்தாள்.

முதலில் பார்த்தது வீரையா. கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

"இதை யாரு எடுத்தாரச் சொன்னது?"

மூத்தாரிடம் அவள் நேருக்கு நேர் பேசியதே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பொன்னழகிடம் சொல்வாள். பொன்னழகு அவரிடம் சொல்வாள். இன்றைக்கு அவள் தலைமுந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள், ஆனால் நகரவில்லை.

"யாரும் சொல்லல அத்தான். நானாத்தான் எடுத்தாந்தேன்."

"அறிவிருக்கா புள்ள? பரஸ்தானம் வச்ச பையை நடுவுல எடுத்தா என்னாகும்னு தெரியுமா? அவன் கடல் தாண்டிப் போறவன்."

"தெரியும். பயணம் முறியும்."

"தெரிஞ்சுக்கிட்டே எடுத்தியா," என்றாள் பொன்னழகு. "கொழுந்தனாருக்கு ஒண்ணுன்னா யாரு தாலி அறும்னு யோசிச்சியா?"

"என் தாலிதான் அறும் அக்கா. அதனாலதான் அதை நான் பாத்துக்கிறேன்னு சொல்றேன். ஒங்க புருசரு வருசம் முந்நூத்தறுபத்தஞ்சு நாளும் ஒங்க கண்ணு முன்னால இருக்காரு. நீங்க இருமினாக்கூட அவரு எந்திரிச்சு வெந்நி வைக்கிறது தடுப்புக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். நான் இருமினா யாரு வைப்பா?"

பொன்னழகு கையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தைக் கூடைக்கு வெளியே வைத்தாள்.

கல்யாணசுந்தரி புருசன் பக்கம் திரும்பினாள். "சீட்டு எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழமை," என்றான் பூமிநாதன், தரையைப் பார்த்து.

"மூணு நாளா ஒங்களுக்குத் தெரியும். நான் ஒங்களுக்குப் பிடிக்கும்னு புளிச்சோத்துக்கு வேர்க்கடலை வறுத்துக்கிட்டிருந்தேன். பாத்துக்கிட்டே இருந்தீக. காரமா போடுன்னுகூடச் சொன்னீக."

"நீ சந்தோசமா போயிட்டு வரணும்னு நெனச்சேன். வந்தப்பறம் சொல்லலாம்னு. முன்னாடியே சொன்னா நீ மலைக்குப் போகமாட்ட."

"நீங்க இல்லாத மலைக்கு நான் எதுக்குப் போகணும்? நெற்குப்பை மாமாவுக்குச் சளி துப்பக் கிண்ணம் பிடிக்கவா?"

"சுந்தரி, பெரியவங்களை அப்படிப் பேசாத."

"பேசுவேன். பன்னெண்டு வருசம் பேசாம இருந்ததுக்கு இன்னைக்குச் சேத்துப் பேசுவேன்."

வீரையா குறுக்கே வந்தார். அவருடைய குரலில் கோபத்தைவிடக் கலக்கம்தான் இருந்தது. "இந்தாம்மா, நான் யாருக்குக் கெடுதல் நெனச்சேன்? ஆனியில எடமில்ல. ஆடியில கெளம்பக்கூடாது. அதுக்கப்பறம்னா அவன் வேலை போயிரும்னு மொதலாளி எழுதியிருக்காரு. நல்ல நேரம் பாத்து வச்சேன். அது தப்பா?"

"நேரமெல்லாம் நல்லாத்தான் பாத்தீக அத்தான். ஞாயித்துக்கெழமை சூலம், வியாழக்கெழமை கரிநாளு, எல்லாம் பாத்தீக. என்னை ஒருநாள் ஒரு வார்த்தை கேட்டீகளா?"

தம்பி மனைவியைக் கேட்பது என்று ஒன்று உண்டு என்பதே வீரையாவுக்கு அப்போதுதான் தோன்றியதுபோல் இருந்தது. அவர் கயிற்றை எடுத்தார், திரும்பவும் கீழே போட்டார்.

சத்தம் கேட்டு அழகி உள்ளேயிருந்து வந்து தூணருகில் நின்றாள். நாளைக்கு என்று எடுத்து வைத்த புதுப் பாவாடையை இன்றைக்கே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. ஊக்கு மாட்டாமல் இடுப்பில் கையால் பிடித்திருந்தாள்.

பூமிநாதன் நிமிர்ந்தான். முதல்முறையாக அவன் முகத்திலும் கோபம் வந்தது.

"சரி, நான் மறைச்சது தப்புத்தான். ஒத்துக்கிறேன். ஆனா நீ என்னைக்காச்சும் வாயைத் திறந்து சொன்னியா? ஒவ்வொரு தடவையும் சிரிச்ச முகமாத்தான வாசல்ல நின்ன? கப்பல்ல ஏறி உக்காந்து எத்தனை நாளு நெனச்சிருக்கேன் தெரியுமா, இவளுக்கு நாம போறது வருத்தமே இல்ல போலன்னு. ஒனக்கு என்னதான் வேணும்? மலை வேணும்னு சொன்ன, சரின்னேன். படகு வேணும்னு சொன்ன, சரின்னேன். இன்னும் என்ன வேணும், சொல்லேன். எல்லாரும் இருக்காக. இப்பச் சொல்லு."

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவன் அப்படி நினைத்திருப்பான் என்று அவள் கனவிலும் எண்ணியதில்லை. அவளுக்கு அழுகை வரும்போலிருந்தது. வந்தால் பொன்னழகு அணைத்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய்விடுவாள், பேச்சு முடிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். கோபம்தான் கைகொடுத்தது.

வாசலில் சோணையம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மருதுவும் இரண்டு மூன்று தெருக்காரர்களும் நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை, யாரும் போகவும் இல்லை.

"சொல்லிருவேன்," என்றாள் கல்யாணசுந்தரி. "சொன்னா அபசகுனம்பாக."

"சொல்லு."

"மலையும் வேணாம், படகும் வேணாம். வேனை அக்கா எடுத்துக்கிட்டுப் போகட்டும், எனக்கு அதுல எடம் வேணாம். இங்க வயல் கெடக்கு, காரைக்குடியில ஜவுளிக்கடை கெடக்கு, நீங்க என்ன வேலை வேணாலும் பாருங்க, கூழோ கஞ்சியோ நான் காச்சித் தாரேன்." வாசலில் நின்றவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தெருவே கேட்கச் சொன்னாள். "சனிக்கெழமை நீங்க போகாதீக. இனி எப்பவும் போகாதீக. எங்க கூடவே இருங்க."